பக்க விளைவு என்று பயமுறுத்துகிறவர்களுக்கும், சொல்லாமலே விடுகிறவர்களுக்கும்

எங்களில் ஒருத்திக்குப் போன மாசம் செர்ட்ராலின் எழுதிக் கொடுத்தார்கள். மனச்சோர்வுக்கான குளிசை. கொழும்பில் ஒரு அரச வைத்தியசாலை கிளினிக். காலமை ஆறரைக்குப் போய் நம்பர் எடுத்தவள் பதினொன்றேகாலுக்கு உள்ளே போனாள். பதினொன்றரை ஆக முதலே வெளியே வந்துவிட்டாள். கையில் ஒரு சின்னக் கடதாசி உறை. அதன் மேலே பேனையால் சிங்களத்தில் இரண்டு சொல், ஒரு இலக்கம். அவ்வளவுதான்.

வைத்தியர் கெட்டவர் இல்லை. மரியாதையாகத்தான் கதைத்தாராம், சிங்களத்திலும் கொஞ்சம் இங்கிலீஷிலும். இவளுக்கும் சிங்களம் தெரியும். பஸ் கொண்டக்டரோடு மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்கிற அளவுக்குத் தெரியும். ‘நெஞ்சுக்குள்ள ஏதோ அடைச்சுக்கொண்டு நிக்குது, காலமை எழும்பவே ஏலாம இருக்கு’ என்பதைச் சொல்லுகிற சிங்களம் அவளிடம் இல்லை. எங்கள் ஒருத்தரிடமும் இல்லை.

அன்றிரவு கொட்டாஞ்சேனையில் அவளுடைய ரூமில் இருந்து வீடியோ கோல். வெள்ளவத்தையில் நாங்கள் மூன்று பேர். உள்ளங்கையில் குளிசையை வைத்துக்கொண்டு கேட்டாள்: “போடவா? போட்டா என்ன நடக்கும்?” நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். பைத்தியம் என்பதை அதிகாரம் எப்படிக் கட்டமைக்கிறது என்று டியூட்டோரியல் எழுதி நல்ல மார்க்ஸ் எடுத்திருக்கிறோம். ஆனால் இந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா பின் போடுவதா என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கூகுளில் தட்டினால் ஐம்பது பக்க விளைவு வந்து விழுந்தது. அவள் அன்றைக்குப் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை.

அவளிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் இதை எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். ஏன் வேண்டாம் என்றாள் என்பதுதான் இந்தக் கட்டுரையே.

*

அந்த இரண்டு நாளில் அவளுக்குக் கிடைத்த அறிவுரைகளைக் கேளுங்கள். வெள்ளவத்தை மாமி ஒருவர்: “உந்த விசர்க் குளிசையெல்லாம் போடாதையுங்கோ பிள்ளை, தொடங்கினா விடேலாது.” கொட்டாஞ்சேனை அங்கிள் ஒருவர்: “மகள், அது போட்டா ஆளே சொங்கியாயிடுவாங்க. ஒரு நோவேனாவுக்குப் போங்க, சரியாகிடும்.” யூடியூப்பில் ஒரு அண்ணை: மருந்துக் கம்பனிகளின் சதி, காலையில் வெந்நீர் குடியுங்கள். கம்பஸில் ஒருவன், பகிடியாக: “இனி நீ சொம்பிதான்.”

மறுபக்கமும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் படித்தவர்கள். “டொக்டர் தந்தா பேசாமப் போடு. சைட் எஃபெக்ட் எல்லாம் வாசிக்காத, வாசிச்சா வந்திடும்.”

எங்களுக்கு இரண்டு கூட்டத்தோடும் கோபம். முதலாவது கூட்டம் பக்க விளைவு என்ற ஒரு சொல்லைத் தூக்கிக் காட்டி ஒரு பிள்ளையை மருந்திலிருந்து துரத்துகிறது. இரண்டாவது கூட்டம் அந்தச் சொல்லையே மறைத்து வைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கிறது என்று நாங்கள் சொல்லுகிறோம். கிளினிக்கில் யாராவது ஐந்து நிமிஷம் ஒதுக்கி ‘முதல் கிழமை இப்படி இருக்கும்’ என்று சொல்லியிருந்தால் மாமியின் வாய்க்கு இவ்வளவு பலம் வந்திருக்காது. வைத்தியர் விட்ட இடத்தை நிரப்பத்தான் மாமியும் யூடியூப்பும் வருகிறார்கள்.

*

சரி, அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன சொல்லியிருக்கலாம்? நாங்கள் வைத்தியர்கள் இல்லை. ஆனால் இது ரகசியமும் இல்லை. மருந்துப் பெட்டிக்குள்ளே மடித்து வைக்கிற துண்டில் இருக்கிற விஷயம். எங்கள் ஆளுக்கு உறையில் வந்ததால் அந்தத் துண்டும் வரவில்லை. வந்திருந்தாலும் இங்கிலீஷில் வந்திருக்கும்.

முதலில் அந்தப் பட்டியலை எப்படி வாசிப்பது என்று தெரியவேண்டும். ‘மிகச் சாதாரணம்’ என்றால் பத்துப் பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வரக்கூடியது. ‘சாதாரணம்’ என்றால் நூறு பேரில் ஒருவரிலிருந்து பத்துப் பேர் வரை. ‘அரிது’ என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ‘மிக அரிது’ என்றால் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. கூகுள் இந்த நாலையும் ஒரே சாக்கில் போட்டுக் கொட்டுகிறது. ஐம்பதும் தனக்கு வரும் என்று இரவு பதினொரு மணிக்கு ஒருத்தி நினைத்தால் அது அவளுடைய முட்டாள்தனமா?

செர்ட்ராலினும் அதன் குடும்பத்து மற்ற மருந்துகளும் தொடங்கும்போது பலருக்கு வருபவை இவை: வயிற்றைப் பிரட்டும், வயிற்றால் போகும், தலையிடிக்கும், வாய் காயும், நித்திரை குழம்பும் அல்லது அளவுக்கு மிஞ்சி வரும், சில பேருக்குப் பதற்றம் முதலில் கூடும். பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு கிழமையில் குறைந்துவிடும். நல்ல பலன் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை, முழுசாகத் தெரிய இன்னும் கூட. அதாவது முதலில் கஷ்டம் வருகிறது, பிறகுதான் சுகம் வருகிறது. இந்த ஒரு வரியைத் தெரியாததால்தான் எத்தனை பேர் ஐந்தாம் நாள் ‘இது எனக்குச் சரிவராது’ என்று உறையைத் தூக்கி எறிகிறார்கள்.

பாலுறவு ஆசை குறையலாம், உச்சம் பிந்தலாம். இது சாதாரணமாக வருகிற ஒன்று, சிலருக்கு மருந்து போடும் காலம் முழுக்க இருக்கும். இதை எந்தக் கிளினிக்கிலும் கலியாணம் ஆகாத ஒரு தமிழ்ப் பெட்டைக்குச் சொல்லமாட்டார்கள். பெடியன்களுக்கும் சொல்வதில்லை. வெட்கத்தில் அவனும் கேட்கமாட்டான், சும்மா மருந்தை நிப்பாட்டுவான். வைத்தியரிடம் சொன்னால் அளவை மாற்றலாம், வேறு மருந்துக்கு மாறலாம். சொல்லாதவனுக்கு ஒன்றும் செய்ய ஏலாது.

எங்கள் வயசுக்கு முக்கியமான ஒன்று. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004 இல் இந்த மருந்துகளின் விபரத் துண்டில் கறுப்புக் கட்டம் போட்டு ஒரு எச்சரிக்கை அச்சடிக்கச் சொன்னது: சிறுவர்களிலும் பதின்ம வயதினரிலும் தொடக்க காலத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று. 2007 இல் அதை 18 முதல் 24 வயது வரை நீட்டினார்கள். ஆக, கம்பஸ் பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்குள் நிற்கிறோம். அதற்காக மருந்து போடக்கூடாது என்று அர்த்தமில்லை. மனச்சோர்வை மருந்தில்லாமல் விடுவதிலும் அதே ஆபத்து இருக்கிறது. அர்த்தம் என்னவென்றால், தொடங்குகிற கிழமைகளில் இந்த வயசுப் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. பிரித்தானியாவின் வழிகாட்டல் 18 முதல் 25 வயசு ஆட்களை மருந்து தொடங்கி ஒரு கிழமைக்குள் திரும்பப் பார்க்கவேண்டும் என்கிறது. எங்கள் ஆளுக்குத் தந்த அடுத்த கிளினிக் திகதி ஒரு மாசம் கழித்து.

உடனே வைத்தியரிடம் போகவேண்டியவையும் இருக்கின்றன. இருக்கவும் ஏலாமல் நிற்கவும் ஏலாமல் ஒரு தவிப்பு, சாகவேண்டும் என்ற எண்ணம், நித்திரையே இல்லாமல் திடீரென்று அளவுக்கு மிஞ்சின உற்சாகம், காய்ச்சலோடு நடுக்கமும் குழப்பமும், உடம்பு தடித்து முகம் வீங்குவது. இதில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்கக்கூடாது. வேறு மருந்து எடுப்பவர்கள், அது நோவுக்குப் போடுகிற குளிசையாக இருந்தாலும் ஆயுர்வேதக் கைமருந்தாக இருந்தாலும், முதல் நாளே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

இவ்வளவுதான். ஐந்து நிமிஷம் ஆகுமா? வாசித்துப் பாருங்கள்.

*

‘தொடங்கினா விடேலாது’ என்ற மாமிக்கு நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். முழுப் பொய் இல்லை அது. திடீரென்று நிப்பாட்டினால் தலைசுற்று, எரிச்சல், உடம்புக்குள் சின்ன மின்னடி போல ஒரு உணர்வு சிலருக்கு வரும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2024 இல் வந்த ஒரு கணக்கின்படி, ஆறேழு பேரில் ஒருவருக்கு மருந்தை நிப்பாட்டியதால் இந்த மாதிரி அறிகுறி வருகிறது. கடுமையாக வருவது முப்பத்தைந்து பேரில் ஒருவருக்கு அளவில். அதனால்தான் வைத்தியரோடு சேர்ந்து மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும். ஆனால் இதற்கும் கசிப்புக்கோ ஐஸுக்கோ அடிமையாவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. செர்ட்ராலின் போட்டு யாருக்கும் போதை ஏறுவதில்லை, இன்னும் வேண்டும் என்று கை நடுங்கத் தேடுவதுமில்லை.

மாமியிடம் எங்களுக்கும் ஒரு கேள்வி. உங்கள் சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறதே. பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று, கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று. மெட்ஃபோர்மின் தொடங்கின புதிதில் உங்களுக்கும் வயிற்றால் போனது. வெள்ளவத்தை முழுக்க ஆளுக்காள் சொல்லிச் சிரித்தீர்கள், சாப்பிட்டபிறகு போடுங்கோ சரியாகும் என்று ஒருவருக்கொருவர் புத்தியும் சொன்னீர்கள். சுகர்க் குளிசை ‘தொடங்கினா விடேலாது’ என்று ஒருவரும் அழவில்லை. அதே வயிற்றுப் பிரட்டல் எங்கள் ஆளுக்கு வந்தால் மட்டும் ஏன் அது விசர்க் குளிசை?

ஆக, பயம் பக்க விளைவுக்கு இல்லை. பெயருக்குத்தான் பயம். ‘அங்கொடை’ என்ற சொல்லுக்குத்தான். அந்த இடத்துக்குத் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறி வருஷக்கணக்காகிறது. பஸ்ஸில் இன்னும் “உன்னை அங்கொடைக்குத்தான் ஏத்தவேணும்” என்பது பகிடி. 1873 இல் இங்கே ஆங்கிலேயர் போட்ட சட்டத்துக்குப் பைத்தியக்காரர் கட்டளைச் சட்டம் என்றுதான் பெயர். பெயரை மாற்றினார்கள், வாயை மாற்றவில்லை. எங்கள் ஆள் தன் பெயர் வேண்டாம் என்றதும் அதனால்தான். கலியாணப் பேச்சு வருகிற வயசு, வெள்ளவத்தை சின்ன இடம்.

*

யூடியூப் அண்ணைக்கு வருவோம். அவர் 2022 இல் லண்டனில் ஜோவானா மொன்கிரீஃப் குழு வெளியிட்ட ஆய்வைக் காட்டுகிறார். மூளையில் செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது அந்த ஆய்வு. ‘கெமிக்கல் குறைஞ்சு போச்சு’ என்று இலேசாகச் சொல்லி அனுப்பிய வைத்தியர்களுக்கும் கம்பனி விளம்பரங்களுக்கும் அது தேவையான அடிதான். ஆனால் அதிலிருந்து ‘அப்ப மருந்து பொய்’ என்று தாவ ஏலாது. தலையிடி வருவது உடம்பில் பனடோல் குறைந்ததால் இல்லை. பனடோல் போட்டால் தலையிடி நிற்கிறது.

2018 இல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு 522 பரிசோதனைகளை, 1,16,477 பேரை வைத்து 21 மருந்துகளைப் பார்த்தது. வளர்ந்தவர்களில் இருபத்தொன்றும் வெறும் மாவுக் குளிசையை விட நன்றாக வேலை செய்தன. பிரமாண்டமான வித்தியாசம் என்று அவர்களும் சொல்லவில்லை. எல்லாருக்கும் சரிவராது, மிதமான பலன்தான். அதே மாதிரிப் பரிசோதனைகளில் மாவுக் குளிசை போட்டவர்களுக்கும் தலையிடியும் வயிற்றுப் பிரட்டலும் வந்ததைக் காண்கிறோம். பயமும் உடம்பில் வேலை செய்யும். அதனால் பயத்தைப் பற்றிக் கதைப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான். ‘வாசிக்காத’ என்று வாயைப் பொத்துவதால் அந்தப் பயம் போகாது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மருந்துகளின் கதையே ஒரு பக்க விளைவில்தான் தொடங்கியது. 1952 இல் நியூயோர்க்கின் சீ வியூ வைத்தியசாலையில் காசநோயாளர்களுக்கு ஐப்ரோனியாசிட் கொடுத்தார்கள். நெஞ்சுக்குக் கொடுத்த மருந்து, கட்டிலில் சோர்ந்து கிடந்தவர்களை எழும்பிச் சிரிக்கவைத்தது. அதிலிருந்துதான் மனச்சோர்வுக்கு மருந்து என்ற யோசனையே வந்தது. அதே மருந்து பிறகு ஈரலைப் பாதிக்கிறது என்று தெரிந்து அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒன்றாகச் சொல்லத் தெரிந்தவரைத்தான் நாங்கள் நம்புவோம்.

*

“நாங்கள் எண்பத்திமூன்றைப் பார்த்தோம், ஷெல்லுக்குள்ள ஓடினோம், குளிசை போட்டோமா?” என்று ஒரு கேள்வி வரும். அடிக்கடி வரும். மரியாதையோடு சொல்கிறோம்: போடவில்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். யாழ்ப்பாணத்தில் இருந்து வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998 இல் போரின் மனவடுக்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிகக் கூடிய விகிதங்களில் ஒன்று. அது பிறகு ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. சனங்களின் மனம் திடீரென்று பலமானதால் இல்லை. மிக ஆபத்தான பூச்சிநாசினிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது முக்கிய காரணம். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த சட்டம் போனதே 1998 இல்தான். உங்கள் தலைமுறை தாங்கியது என்பது சரி. தாங்க ஏலாமல் போனவர்கள் இன்றைக்கு வந்து எங்களுக்குப் புத்தி சொல்ல இல்லை, அதையும் நினையுங்கள்.

சனத்துக்கு மருந்தில் நம்பிக்கை இல்லாததற்குச் சொந்தக் காரணங்களும் உண்டு. 2022 இல் நாடு வங்குரோத்தானபோது பார்மசி பார்மசியாக அலைந்தவர்கள் நாங்கள். ஒழுங்காகப் போட்டுவந்த குளிசை ஒரு நாள் இல்லை என்றால் உடம்பு என்ன பாடுபடும் என்று அப்போது பலர் கண்டார்கள். தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து வாங்கிய விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைது செய்யப்பட்டார். சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைக் கட்டியெழுப்பிய நாடு இது. நல்ல மருந்தை, அதன் பொதுப்பெயரில், குறைந்த விலைக்கு ஏழையும் வாங்கவேண்டும் என்பது அவருடைய கனவு. அந்த நாட்டில் இன்றைக்கு “அரசாங்கக் குளிசை சரியில்லை, வெளிநாட்டு பிராண்ட் வாங்கு” என்பது வெள்ளவத்தையின் பொது அறிவு. வாங்க வசதி இருப்பவர் வாங்குகிறார். கொட்டாஞ்சேனை ரூமில் இருப்பவள் பயந்துகொண்டே போடுகிறாள், அல்லது போடாமல் விடுகிறாள்.

“குளிசை வேண்டாம், கவுன்சிலிங் போ” என்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறோம். இரண்டும் தேவை என்றால் இரண்டும் வேண்டும். தமிழில், காசில்லாமல், பஸ் தூரத்தில் ஒரு உளவளத்துணையாளரைக் காட்டுங்கள், நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறோம்.

*

ஆகவே கேட்பவை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை.

கிளினிக்குகளே, மருந்து உறையோடு தமிழில் ஒரு பக்கம் தாருங்கள். எப்போது போடுவது, முதல் இரண்டு கிழமை என்ன வரும், எது வந்தால் ஓடிவரவேண்டும், ஏன் தானாக நிப்பாட்டக்கூடாது. தமிழும் அரச கரும மொழி என்று 13 ஆம் திருத்தம் சொன்னது 1987 இல். எங்களுக்கு மூத்த சட்டம் அது. ஒரு உறையில் இரண்டு தமிழ்ச் சொல் எழுத இன்னும் எத்தனை வருஷம்? இளம் ஆட்களை ஒரு கிழமையில் திரும்பக் கூப்பிடுங்கள். ஏலாவிட்டால் ஒரு தாதி கோல் எடுக்கட்டும்.

பல்கலைக்கழகமே, வருஷத்துக்கு ஒரு நாள் பலூன் கட்டி மனநல தினம் கொண்டாடுவதை விட, மருந்து தொடங்கின பிள்ளைக்கு டியூட்டோரியல் திகதியை இரண்டு கிழமை தள்ளிக்கொடுப்பது பெரிய உதவி.

எங்களுக்கும் ஒரு குட்டு. ‘டிப்ரஷன்’ மீம் போடுகிறவர்கள் நாங்கள்தான். உண்மையாகவே ஒருத்தி குளிசை போட்டதும் ‘சொம்பி’ என்று பகிடி பண்ணியதும் எங்களில் ஒருவன்தான். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான். இப்போது அவன்தான் ஒவ்வொரு நாளும் இரவு எட்டரைக்கு அவளுக்கு மெசேஜ் போடுகிறான்: “சாப்பிட்டியா? போட்டியா?”

மூன்றாம் நாள்தான் அவள் முதல் குளிசையைப் போட்டாள். கிளினிக்குக்குத் திரும்பப் போய், தமிழ் தெரிந்த ஒரு தாதி அக்காவைத் தேடிப்பிடித்து, வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டபிறகு. அந்த அக்கா எடுத்தது நாலு நிமிஷம். அது அவருடைய வேலைப் பட்டியலில் இருக்கிறதோ தெரியாது, செய்தார். முதல் கிழமை பிரட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் நித்திரை இல்லை. எங்களில் ஒருத்தி போய் அவளோடு தங்கினாள். இப்போது ஐந்தாம் கிழமை. “பரவாயில்லை. வாய் காயுது. அழுகை குறைஞ்சிருக்கு” என்கிறாள். அதிசயம் நடந்ததாக நாங்கள் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. போன செவ்வாய் காலி வீதியில் 100 பஸ்ஸுக்கு நிற்கும்போது பசிக்குது என்றாள். மாசக்கணக்குக்குப் பிறகு அவள் வாயால் அந்தச் சொல் வந்தது.

இதை வாசிக்கிற யாராவது உள்ளங்கையில் ஒரு குளிசையோடு இருந்தால்: உங்கள் பயம் நியாயமானது, அதைக் கொண்டுபோய் வைத்தியரிடமே கொட்டுங்கள், பதில் வரும் வரை கேளுங்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் தனியாக முடிவெடுத்து நிப்பாட்டாதீர்கள். இரவில் தாங்க ஏலாமல் போனால் 1926 க்கு அடியுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். மாமி, அங்கிள், நீங்கள் வாசித்தால்: அவளிடம் “ஏன் போடுறாய்” என்று கேட்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைத் திறக்கும்போது, உங்களுடையதோடு அவளுடையதையும் ஒருக்கா ஞாபகப்படுத்துங்கள். போதும்.